பலாக்காய் எந்தப் பக்கம்

மஸாஹிரா அக்கா சாப்பிட உட்கார்ந்ததும் வெறும் பீங்கான் தட்டில் ஈர விரலால் கோடு இழுப்பார். நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று. பிறகு வலப் பாதியைக் குறுக்கே வெட்டி இன்னொன்று. தண்ணீர்க் கோடுதான். அது காய்வதற்குள் இடப் பாதியில் மரக்கறியும், வலப் பக்கத்தில் ஒரு துண்டில் சோறும், மற்றத் துண்டில் மீனோ முட்டையோ பருப்போ விழுந்துவிடும். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாளும் கோடு தவறியதில்லை. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் சாப்பிடும்போதுகூட, தன் முன்னால் இருக்கும் சோற்றில் விரலால் ஒரு வரப்புக் கட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாராம். அவருடைய நானாவின், அதாவது அண்ணனின், மகள் பஸ்லினா சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் கோடு முதலில் நானாவின் பீங்கானுக்காகப் போட்டது. பிறகுதான் அக்கா தன்னுடையதற்கும் போட்டுக்கொண்டார்.

அவர்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவுக்கு மேலே, ஏறிப்போகும் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. பின்பக்க அறையில் நான் பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். அக்காவின் குசினிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒற்றைக் கல் சுவர். அங்கே கரண்டி விழுந்தால் இங்கே கேட்கும். அவர்கள் வழக்கில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. அக்கா என்றே கூப்பிட்டேன். அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அவருடைய உம்மா பதினான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் உம்மாவின் கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு அக்காவைப் பார்த்தார்கள், டீ குடித்துவிட்டுப் போனார்கள். இதை அக்கா ஒரே ஒரு தடவை, கீரை கிள்ளிக்கொண்டே சொன்னார். உம்மா மௌத்தான மறு வருடம் நானாவின் மனைவியும் போய்ச் சேர்ந்தார். நானா என்றால் பாயிஸ் நானா, தையல்காரர், அக்காவை விட ஏழு வயது மூத்தவர். மகள் பஸ்லினாவை அக்குறணையில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடும் தையல் மெஷினோடும் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு நாள் என்பது நானாவின் மூன்று வேளைச் சாப்பாடுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நானாவுக்குச் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். தாளில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் கோடுகள். பாதிக்கு மரக்கறி, காலுக்குச் சோறு, மிச்சக் காலுக்கு மீன், முட்டை, பருப்பு.

அக்கா அதை வைத்துக்கொண்டு பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்று நிரல் எழுதினார். சந்தையில் கண்ட எல்லாவற்றையும் ஏதாவது ஒரு நிரலில் போட்டுவிட வேண்டும் என்று இருந்தார். இடியப்பம், பிட்டு, பாண், ரொட்டி எல்லாம் சோற்றுப் பக்கம். நெத்தலி மீன் பக்கம். கடலை தாளில் பருப்புக்குப் பக்கத்தில் இருந்ததால் அதுவும் மீன் பக்கம். தேங்காய்க்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் இருக்கிறதே என்று வெளியே விட்டுவிட்டார்.

பலாக்காய்க்குத்தான் நேரம் எடுத்தது. அவித்துத் தேங்காய்ச் சம்பலோடு காலையில் தின்றால் அதுவே சாப்பாடு, வேறு சோறு வேண்டாம். ஆகவே அவித்த பலாக்காய் சோற்றுப் பக்கம். அதையே மஞ்சள் போட்டு, பால் விட்டுக் கறியாக்கி மத்தியானம் சோற்றோடு வைத்தால் மரக்கறிப் பக்கம். அப்படியே இரண்டு நிரலிலும் எழுதினார். உருளைக்கிழங்கு, ஈரப்பலாக்காய், மரவள்ளி, பலாக்கொட்டை எல்லாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பவைதானே. அவையும் மரக்கறி. பக்கத்தில் நின்று பார்த்த எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் சோற்றின் மேல் ஊற்றுவதெல்லாம் கறிதான்.

நானா ஆரம்பத்தில் இதையெல்லாம் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டார். பீங்கானோடு அக்கா வந்தால், "வாங்க, வாங்க, காணிக் கந்தோர் திறந்தாச்சு," என்று குசினியை நிலப் பதிவு அலுவலகமாக்குவார். "தங்கச்சி, சோத்துக் காணி ரொம்பச் சின்னதாப் போச்சு. பக்கத்துக் காணிக்காரனோட பேசிப் பாருங்களேன்."

"பேசாமச் சாப்பிடுங்க."

"காணி உறுதிப் பத்திரம் எப்ப தருவீங்க? உறுதி இல்லாத காணில நான் கை வைக்கிறதில்ல."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியால் பீங்கானைத் தட்டுவார். அந்தச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

அரிசியும் மீனும் விலை ஏறிக் கைக்கெட்டாத ஒரு வருடம் வந்தது. கேஸும் இல்லை. பின்வளவில் மூன்று கல் வைத்து விறகில் சமைத்தோம். அந்த வருடம் பார்த்து அவர்கள் வளவுப் பலா மரம் அடி முதல் நுனி வரை காய்த்துத் தொங்கியது. மத்தியானம் பலாக்காய்க் கறி, இரவுக்கு ஈரப்பலாக்காய், இடையில் உருளைக்கிழங்கு. சோறு கால் பங்குக்கு மேல் ஒரு பருக்கை போடமாட்டார். மற்றப் பாதியைக் குவித்து வைப்பார். "மரக்கறி எவ்வளவும் தின்னலாம் நானா, பசியோட எழும்பாதீங்க," என்று இன்னும் ஒரு கரண்டி விழும்.

நானாவின் சீனி நூற்றைம்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் போனது. அடுத்த தடவை இருநூற்று முப்பத்தாறு.

அன்று கிளினிக்குக்கு நானும் பிரஷர் மருந்து எடுக்கப் போயிருந்தேன். தாதி நானாவின் கொப்பியைப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார். சிங்களத்தில்தான் பேச்சு. அக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"சோறு எவ்வளவு கொடுக்கிறீர்கள்?"

"கால் பங்கு மிஸ்."

"மரக்கறி?"

"பாதி."

"கேக், சீனி, கருப்பட்டி?"

"வீட்டில் வாங்குவதே இல்லை மிஸ். டீக்கும் போடுவதில்லை."

தாதி நானாவை ஏறிட்டுப் பார்த்தார். "வீட்டில் இல்லையென்றால் கடையில் இருக்கும். மாமா, தங்கச்சியை ஏமாற்றலாம். ரத்தத்தை ஏமாற்ற முடியாது."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானா தைக்கும் கடைக்குப் பக்கத்தில் ஹபீல் என்பவரின் தேநீர்க் கடை. நான் மசாலாப் பக்கெட் கட்டும் இடமும் அதே வரிசையில்தான். இரண்டு நாள் கழித்து, பத்து மணி டீக்கு நான் அங்கே நின்றபோது அக்கா வந்தார். கடைக்குள் ஆண்கள் ஆறேழு பேர். அக்கா அப்படி ஒரு கடைக்குள் நுழைந்து நான் பார்த்ததில்லை.

"ஹபீல், உள்ளதச் சொல்லுங்க. எங்கட நானா இங்க சீனி போட்டா குடிக்கிற?"

"அல்லாஹ்வே, தாத்தா! அவர் குடிக்கிற பிளேன்டீயப் பார்த்தா எனக்கே அழுக வருது."

மூலையில் இருந்த ஒருவர், "டீயில தேடாதீங்க தாத்தா, தொதல்ல தேடுங்க," என்று இனிப்புத் தட்டைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள்.

மேசையில் பாதி குடித்த கோப்பை ஒன்று இருந்தது. "இது அவர்டயா?" என்று அக்கா கேட்டார். ஹபீல் தலையாட்டினார். அக்கா அடியில் கிடந்த டீயை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. அதில் சீனி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நிமிர்ந்தபோது வாசலில், கழுத்தில் அளவு நாடாவோடு நானா நின்றார்.

அன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சுவர் வழியாகக் கேட்டேன். கேட்கக் கூடாது என்றுதான் பாத்திரம் கழுவினேன். ஆனாலும் கேட்டது.

"என்ட கோப்பைய நக்கிப் பார்க்கிற அளவுக்கு நான் கள்ளனா?"

"அப்ப எப்படி ஏறுது? நான் அளந்து வைக்கிறேன், கோடு போட்டு வைக்கிறேன். என்ட கையால ஏறல்ல, நானா."

"நான் வெளிய ஒண்டும் தின்னல்ல."

"சீனிக்காரங்க எல்லாரும் அப்படித்தான் சொல்ற."

"அல்லாஹ் மேல சத்தியமா தின்னல்ல, மஸாஹிரா."

பீங்கான் ஒன்றை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சொன்னார்: "வாய் ருசிக்காக அல்லாஹ்வ இழுக்காதீங்க."

அதற்குப் பிறகு நானாவின் குரல் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல. சாப்பிட வருவார், வைத்ததைத் தின்பார், எழும்பிப் போவார். காணிக் கந்தோர் பேச்சு நின்றுபோனது.

மாசி மாதம் கடையில் விழுந்து கிடந்த ஊசி ஒன்று அவர் கால் சுண்டு விரலில் ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. சீழ் வைத்துச் செருப்பு நனைந்த பிறகுதான் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்து அந்த விரலை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த நான்காம் நாள் பஸ்லினா வேன் பிடித்துக்கொண்டு வந்தாள். நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் பேசினாள். "வாப்பா கொஞ்ச நாள் என்னோட இருக்கட்டும் மாமி. நீங்களும் தனிய எவ்வளவுதான் பார்க்கிற?"

அக்கா ஒரு பையில் மருந்தை வைத்தார். இன்னொரு பையில் அந்தக் கலண்டர் தாளைப் பார்த்து எழுதிய பிரதியை வைத்தார். நானா படியில் நின்று, "போறேன்," என்றார். போய்வாறேன் என்று சொல்லவில்லை. கடைசியாகத் தையல் மெஷினை இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா உள்ளே போனார். கொஞ்ச நாளைக்குப் போகிறவர் மெஷின் கொண்டுபோக மாட்டார்.

அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. முதல் மாதங்களில் இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு, மிச்சத்தை மூடி என் கதவில் தட்டுவார். "கூடிப் போச்சு தங்கச்சி, வச்சுக்கங்க." நின்று பேசமாட்டார். ஒரு நாள் மட்டும் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நின்றார். "களவா திண்டாலும் பரவாயில்ல. வீட்டுல இருந்து திண்டிருக்கலாம்," என்றார். அப்போதும் நானா தின்றார் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடக் கடைசியில் அக்காவுக்குத் தலைச்சுற்று வந்தது. "வாங்க அக்கா, பார்த்துட்டு வருவோம்," என்று நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அவருக்கும் சீனி.

அன்று கிளினிக் நடைவழியில் நீள மேசை போட்டு, சின்னச் சின்னக் கிண்ணங்களில் சமைத்த சாப்பாடு வைத்திருந்தார்கள். மேசை மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறத் துணி விரித்திருந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் நின்றது. புசல்லாவைப் பிள்ளை, பெயர் சர்மிளா. அக்கா மேசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்துக்கொண்டே போனார். அவருக்குத் தெரிந்த பாடம். சோறு வைத்திருந்த துணியருகே நின்றார். சோற்றுக்கும் பாணுக்கும் நடுவில் பலாக்காய்க் கறிக் கிண்ணம் இருந்தது.

"மகள், இது மாறி வந்திருக்கு," என்று சொல்லி, கிண்ணத்தை எடுத்துப் போஞ்சிக்கும் கீரைக்கும் பக்கத்தில் வைத்தார். உருளைக்கிழங்கையும் எடுத்தார்.

"ஐயோ அம்மா, அது மாறலைங்க. அது இங்கதான்." பிள்ளை சிரித்துக்கொண்டே பலாக்காயைத் திருப்பி வைத்தாள். "எல்லாரும் இததான் மாத்தி வைக்கிறாங்க. காலையிலருந்து நீங்க ஏழாவது ஆளு."

"இது கறி."

"கறியா வச்சா என்னங்கம்மா, அவிச்சு வச்சா என்ன? உள்ள இருக்கிறது மாச்சத்து. வயித்துக்குள்ள போனா சோறு மாதிரிதான். பிஞ்சுப் பலாக்காய்னா பரவாயில்ல. முத்தின காய், கொட்டை, கெழங்கு, ஈரப்பலாக்காய் எல்லாம் சோத்துக் கூட்டம். அத வச்சா அந்த அளவு சோத்த எடுத்துடணும்."

அக்காவின் கையில் உருளைக்கிழங்குக் கிண்ணம் அப்படியே இருந்தது.

"ஒங்க வீட்டுல யாருக்கும் சீனி இருக்காம்மா?"

"நானாக்கு இருந்த," என்றார் அக்கா.

பிள்ளையின் முகம் மாறியதைப் பார்த்து, "மௌத்தாகல்ல மகள், அக்குறணையில ஈக்கார்," என்றார். கிண்ணத்தைச் சோற்றுக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டு வந்தார்.

பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமலே பேசினார். "கால் பங்கு சோறு. மத்தப் பாதியும் சோறு. முக்கால் பீங்கான் சோறு என்ட கையால வச்சுக் குடுத்துட்டு, மனிசன்ட கோப்பைய நக்கிப் பார்த்தேன்."

விரல் போனது அதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதை அக்காவிடமும் எடுத்துச் சொன்னேன். 

அக்கா உடனே அக்குறணைக்குப் போகவில்லை. இரண்டு கிழமை நானாவின் அறையைத்தான் துப்புரவு செய்துகொண்டிருந்தார். மெத்தையை வெயிலில் போட்டார், அலுமாரியைத் துடைத்தார், புது விரிப்பு வாங்கினார். "எல்லாத்தையும் விளங்கச் சொன்னா வருவார் தானே?" என்று என்னிடம் கேட்டார். நான், "வருவாருங்க அக்கா," என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டு அக்குறணை பஸ்ஸில் ஏறினார்.

நானா முன்னறை ஜன்னலோரம் மெஷினில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பஸ்லினா கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்டீ வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அக்கா டீயைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மேசையைப் பற்றிச் சொன்னார், கிண்ணத்தை மாற்றி வைத்ததைச் சொன்னார், அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்னார், கடைசியில் முக்கால் பீங்கானைச் சொன்னார். நானா மெஷினின் சக்கரத்தில் கையை வைத்தபடி கேட்டார்.

"அப்ப, நான் தின்னல்லண்டு பலாக்காய் வந்து சாட்சி சொல்லணுமா?"

"எனக்குத் தெரியாம நடந்திட்டு, நானா."

"தெரியாம வச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. எனக்கும் தெரியா. அந்த மிஸ்ஸும் கேக்கல்ல. நானும் இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்லித்தான் திண்டேன். விரல் போனது என்ட நஸீப், என்ட விதி." நிறுத்தினார். "நான் சத்தியம் பண்ணினேன், மஸாஹிரா. அம்பது வருஷத்துக்கு மேல என்னத் தெரிஞ்ச நீ, அந்தத் தாள நம்பின. என்ன நம்பல்ல."

அக்கா அழவில்லை. "வீட்டுக்கு வாங்க, நானா," என்றார். "அறைய எல்லாம் சரி செஞ்சு வச்சிருக்கேன்."

நானா ஊசியில் நூல் கோர்த்தார். முதல் தடவை போகவில்லை. இரண்டாம் தடவை போனது.

"இங்க மெஷினுக்கு வெளிச்சம் நல்லா ஈக்கி," என்றார்.

அதற்கு மேல் அக்கா கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுத்தான் விட்டார்கள். நாங்கள் புறப்பட்டபோது நானா தடியை ஊன்றிக்கொண்டு வாசல் கேற் வரை வந்தார். அக்கா முன்னால் போய்விட்டார். நானா என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அவளுக்கும் சீனியாமே, புள்ள. மருந்த மறக்காமப் போடச் சொல்லுங்க," என்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகப் போகிறது. நானாவின் சீனி இப்போது நூற்று இருபதைத் தாண்டுவதில்லை என்று பஸ்லினா சொல்கிறாள். அக்காவுக்குக் கிளினிக் உள்ள நாளில் பின்னேரம் நானா போன் பண்ணுவார். "எவ்வளவு?" என்று கேட்பார். அக்கா எண்ணைச் சொல்வார். "சரி," என்பார். என்ன தின்றாய் என்று கேட்பதில்லை. சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார். பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் போகாது. பெருநாளைக்கு மட்டும் பஸ்லினாவோடு வந்து, அஸர் தொழுகைக்கு முன் திரும்பிவிடுவார். அவருடைய அறை பூட்டவில்லை, அதில் யாரும் படுப்பதுமில்லை. பாயிஸ் நானா அக்குறணையில் மகளோடு இருக்கிறார். மஸாஹிரா அக்கா கட்டுகஸ்தோட்டையில் தனியாக இருக்கிறார்.